தோளில் புதுக் கமரா, அடகில் தாலிக்கொடி

போன கிழமை, படம் பிடிக்கிற உங்களில் ஒரு பிள்ளை என்னைத் தேடிக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தது. கழுத்தில் ஒரு பழைய பிலிம் கமரா, தோளில் ஒரு புது டிஜிட்டல் கமரா, முதுகில் இரண்டுக்கும் வேண்டிய மூட்டை. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள் இவ்வளவு பாரத்துக்குக் கூலி கேட்பார்கள். இந்தப் பிள்ளை தன் காசைக் கொடுத்துத் தூக்குகிறது.

"அன்ரி, நீங்கள் ரெண்டையும் பாவிச்ச ஆள். உண்மையைச் சொல்லுங்கோ, பிலிமா டிஜிட்டலா லாபம்?" என்று கேட்டாள்.

"ஆருக்கு லாபம் பிள்ளை? உனக்கா, விக்கிறவனுக்கா?" என்றேன்.

சிரித்தாள். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் பார்க்கிறேன், தொலைபேசியில் படம் போட்டிருக்கிறாள்: இன்னொரு கமரா வாங்கியாயிற்றாம், "புதுப் பயணம் ஆரம்பம்" என்று எழுதியிருக்கிறாள். எங்கே பயணம்? அடகுக் கடைக்குத்தான். அந்த வழி எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவளுக்கும் அவளைப் போன்ற உங்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். லென்ஸில் எந்தத் துவாரம் வைப்பது, எந்த வேகத்தில் எடுப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. கொட்டாஞ்சேனை ஸ்ரூடியோ ஒன்றில் படங்களின் ஓரம் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, வெட்டின படங்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகினவள் நான். அந்தப் பாடங்களை உங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தருவார்கள்.

முதலில் பிலிம் பைத்தியங்களுக்கு. அந்தக் காலத்தில் நாங்கள் யோசித்து, மனத்தை ஒருமுகப்படுத்தி, ஒரே ஒரு படம் எடுத்தோமாம். அதில் ஒரு தியானம் இருந்ததாம். நல்ல கதை. நாங்கள் ஒரே ஒரு படம் எடுத்தது கஞ்சத்தனத்தால். கமராப் பொத்தானை அமத்தினால் காசு, அவ்வளவுதான். கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் ஒரு பிள்ளையின் முதல் நன்மைக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். நான் அமத்துகிற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வந்து குனிந்து கேட்பார்:

"மிஸ், இப்ப டிக்குனு ஒரு சத்தம் கேட்டிச்சே, அது எங்க கணக்கா, உங்க கணக்கா?"

பிள்ளை கண்ணை மூடியிருந்தால் "உங்க கணக்கு" என்பேன். உடனே பிள்ளையின் தலையில் ஒரு குட்டு விழும். அடுத்த படத்தில் பிள்ளை கண்ணை முழித்தபடி அழும். நீங்கள் சொல்லும் தியானம் அதுதான்.

இன்றைக்கு ஒரு றோலைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, அதைக் கழுவ ஆள் தேடி, கழுவி வந்த படத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து ஊருக்குக் காட்டுகிறீர்கள். வாயில் போட வேண்டிய சோற்றைத் தலையைச் சுற்றிக் கொண்டு வந்து போடுகிற வேலை. ஆசைக்குச் செய்யுங்கள், நான் மறிக்கவில்லை. சிக்கனம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

ஆனால் பிலிம் கமராவிடம் ஒரு குணம் இருந்தது. அதற்குத் தன் வயது தெரியாது. புதுசு என்பதெல்லாம் றோலுக்குள் வந்தது. பிலிம் செய்கிறவன் நல்ல நிறம் கண்டுபிடித்தால், அந்த றோலை என் பழைய கமராவுக்குள் போட்டதும் என் கமராவும் அன்றைக்குப் புதுசு. அதை வைத்து வருடக்கணக்காக உழைத்துவிட்டு விற்றபோது, வாங்கின விலைக்குப் பெரிய குறைவில்லாமல் போனது. டிஜிட்டலில் நிறம் பிடிக்கிற சென்சர் சில்லு கமராவோடு ஒட்டிப் பிறக்கிறது. சில்லு பழசென்றால் முழுக் கமராவையும் எறிய வேண்டும். சட்டைப் பொத்தான் பழசாகிவிட்டதென்று ஆளையே மாற்றுகிற மாதிரி. "றோல் காசு இல்லை, அமத்துறது சும்மா" என்று ஆரம்பத்தில் எல்லோரும் துள்ளினோம். பிலிம் அமத்தும்போதுதான் காசு தின்றது. இது அலுமாரியில் சும்மா கிடந்தே தின்கிறது.

புறக்கோட்டையில் பழைய கமரா வாங்கி விற்கிற முதலாளி ஒருவர் இருந்தார். அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்பதற்கென்றே நான் அந்தப் பக்கம் போவதுண்டு. "பெட்டிக்குள்ள ஈக்கும்வரைக்கும்தான் தங்கச்சி அது கமரா. பெட்டியத் தொறந்தா மீன்" என்பார். காலையில் கேட்கிற விலையை மத்தியானம் கேட்க முடியாதாம். டொலர் ஏறிய காலத்தில் பழைய கமராக்களின் விலையும் கொஞ்சம் ஏறியது. உடனே உங்கள் ஆட்கள் "கமரா ஒரு முதலீடு" என்று பேசத் தொடங்கினார்கள். முதலாளி என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "கமரா எங்க தங்கச்சி ஏறினது? நம்மட சல்லிதானே படுத்திட்டுது!"

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நேசன் என் தம்பி. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஸ்ரூடியோ நடத்தினோம். நான் மணப்பெண்ணின் அறையிலும் பெண்கள் பக்கத்திலும் எடுப்பேன், அவன் மணவறையில் எடுப்பான். ஒரு நாள் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. தன் தம்பிக்குக் கொழும்பில் கலியாணம் என்று மாப்பிள்ளையின் தமக்கை பேசினாள்.

"என்ன மொடல் வைச்சிருக்கிறீங்கள்?"

நேசன் சொன்னான்.

"ஐயோ, அது பழசெல்லே! இஞ்ச எங்கட பிள்ளையள் அதை விளையாட வைச்சிருக்குதுகள்."

நாங்கள் எடுத்த படம் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. சமையல்காரனின் கறியை ருசி பார்க்காமல், சட்டி எந்தக் கொம்பனி என்று விசாரிக்கிற சனம் எங்கள் சனம். கேட்டவளிலும் பார்க்க எனக்குக் கோபம் வந்தது நேசனில்தான். "புதுசு வாங்குறம் அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று சொல்லிப் போட்டான். அந்தத் தமக்கைக்கு அவனிலும் வயது குறைவு.

"இதைப் பிடிச்சா லண்டன் ஆக்களின்ர கலியாணம் எல்லாம் எங்களுக்குத்தான் அக்கா" என்றான் என்னிடம்.

முதலில் கையிலிருந்த கமராவை விற்கப் போனோம். முதலாளி அதை ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் திருப்பி, கைப்பிடியில் உரிந்திருந்த றப்பரைத் தடவி, ஒரு விலை சொன்னார். அந்த விலைக்குக் கமராவைப் போடுகிற பைகூட வராது.

"இந்த விலைக்குக் குடுக்கிறதிலும் பாக்க இதால நான் தேங்காய் உடைப்பன்" என்றேன்.

"உடைங்க தங்கச்சி. தேங்கா வெல நல்லா ஈக்கிது" என்றார் அவர்.

கோபத்தில் அதை இழுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். கடையில் பாஸ்போட் படம் எடுக்க உதவும் என்று நினைத்தேன்.

புதுக் கமராவுக்குக் காசு எங்கிருந்து வந்தது? பத்மாவின் கழுத்திலிருந்து. பத்மா நேசனின் மனைவி. தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, கொடியை ஒரு கைலேஞ்சியில் சுற்றி அவனிடம் கொடுத்தாள். எனக்கு முன்னால்தான் கொடுத்தாள்.

"மச்சாள், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கோ. என்ர தம்பியின்ர கலியாணத்துக்கு முதல் இது திரும்ப என்ர கழுத்துக்கு வரவேணும். அம்மா யாழ்ப்பாணத்திலயிருந்து வாறா. அவ கட்டித் தந்த கொடி. மஞ்சள் கயிறோட நான் அவவுக்கு முன்னால போய் நிக்க மாட்டன். வராட்டி நான் அந்தக் கலியாணத்துக்கே போக மாட்டன்."

"லண்டன் கலியாணக் காசு வந்த உடன மீட்டிடலாம்" என்றான் நேசன்.

லண்டன்காரரின் கலியாணம் முதலில், பத்மாவின் தம்பியின் கலியாணம் அதற்கு ஒரு மாதம் கழித்து. கணக்கு அழகாகத்தான் இருந்தது.

புதுக் கமரா வந்தது. நேசன் என்ன செய்தான் தெரியுமா? புது வாகனம் வாங்கினவன் மாதிரிக் கோயிலுக்குக் கொண்டுபோனான். கொண்டுபோகட்டும், எங்கள் பிலிம் கமராக்களும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் சரஸ்வதிக்கு முன்னால் இருந்தவைதான். ஆனால் இவன் கமராவுக்கு வேறாக, லென்ஸுக்கு வேறாகப் பொட்டு வேண்டுமென்று இரண்டையும் பிரித்துத் தட்டில் வைத்திருக்கிறான். ஐயர் குறை வைக்காமல் இரண்டு மூடியின் விளிம்பிலும் குழைத்த சந்தனத்தை அப்பி, திருநீறு தூவி, தீர்த்தமும் தெளித்துவிட்டார். அந்த மனுசனில் பிழை இல்லை. தட்டில் வந்த எதற்கும் அவர் அதைத்தான் செய்வார். வீட்டுக்கு வந்ததும் நேசன் துடைத்தானா? பொட்டை அழிக்க மனம் வரவில்லையாம். அப்படியே மூடிகளைக் கழற்றி லென்ஸைப் பூட்டிவிட்டான்.

பழைய இரும்புக் கமரா சந்தனத்தைத் துடைத்தெறிந்துவிட்டு வேலை செய்யும். இதற்கோ தும்மினாலே காய்ச்சல்.

கலியாண நாள். மணமகள் கூறைச்சேலை மாற்ற அறைக்குள் போனபோது நான் கூடப் போனேன், அந்த விலைபோகாத கமராவோடு. கூறை உடுத்தி, தலை சரிபார்த்து, அவளை மணவறைக்குக் கூட்டி வருகிறோம். இனித் தாலி கட்டுதான். நேசனைப் பார்க்கிறேன். குனிந்து நிற்கிறான். கமராவை அணைக்கிறான், போடுகிறான். பற்றரியைக் கழற்றிப் பூட்டுகிறான். பிறகு லென்ஸையே கழற்றி உள்ளே ஊதினான். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். லென்ஸும் கமராவும் பேசிக்கொள்கிற அந்தச் சின்னப் பித்தளைப் புள்ளிகளில் காய்ந்த சந்தனம், பொரிப்பொரியாக. திரை கறுப்பு.

ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபைக்கு அனுப்பியிருந்தார். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து முடித்தால் கெட்டிமேளம்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். ஐயரை நிறுத்தச் சொல்ல முடியாது. முகூர்த்தம் எங்கள் வசதிக்கு நிற்காது. என் கமராவை நேசனிடம் கொடுக்கலாம், ஆனால் அவன் இன்னும் புதுசுக்குள் ஊதிக்கொண்டிருந்தான். நான் அவனைத் தள்ளிவிட்டு முன்னால் போகலாம் என்றால், அதுதான் பெரிய ஆபத்து. படம் எடுக்கிறவன் நிமிர்ந்து நிற்கும்வரை அவனுக்கும் மணவறைக்கும் இடையில் ஒரு ஒழுங்கை திறந்திருக்கும். எவ்வளவு நெரிசல் என்றாலும் சனம் அதை மறிக்காது. அவன் குனிந்து தடுமாறுகிறான் என்று கண்டால், அந்த நொடியே எல்லோரும் தங்கள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் புகுந்துவிடுவார்கள். பிறகு முதுகுகளைத்தான் படம் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு மாமாமார் கழுத்தை நீட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"நேசன், நிமிர்ந்து நில். கமராவைக் கண்ணில வை" என்றேன் காதுக்குள்.

"அக்கா, இது செத்துப்போச்சு!"

"செத்தது உனக்கும் எனக்கும்தான் தெரியும். எடுக்கிற மாதிரி நில். அசையாதை."

"அந்த லண்டன் அக்கா பாத்துக்கொண்டு நிக்கிறா..."

"அவ பாக்கிறது கமராவை. கமரா அங்கதானே இருக்கு? நில்லடா!"

நின்றான். செத்த கமராவைக் கண்ணில் வைத்து, ஒரு கண்ணை மூடி நின்றான். மாமாமார் பின்வாங்கினார்கள். நான் அவன் முழங்கைக்குக் கீழே, பூத்தட்டுகளுக்குப் பக்கத்தில், சேலையோடு முழந்தாளிட்டு இருந்தேன்.

என் கையிலிருந்தது கிழட்டுக் கமரா. நாலைந்து படம் தொடர்ந்து அமத்தினால் மூச்சு வாங்கி நின்றுவிடும், பிறகு அதன் மனம் வரும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் கமராக்கள் நொடிக்கு எத்தனை எடுக்குமோ எனக்குத் தெரியாது, எடுத்ததில் ஒன்றைப் பொறுக்க நீங்கள் படுகிற பாடு தெரியும். எனக்கு அன்றைக்குப் பொறுக்க வசதியில்லை. மேளம் உயர்ந்தது. அட்சதை விழத் தொடங்கியது. அமத்தவில்லை. மாப்பிள்ளை கொடியை இரண்டு கையாலும் தூக்கினான், விரல் பெண்ணின் கண்ணை மறைத்தது. அமத்தவில்லை. "எடுங்கோ, எடுங்கோ" என்று யாரோ என் தோளில் அடிக்கிறார்கள். கை இறங்கி, கொடி கழுத்தில் பட, பெண் மூச்சை இழுத்து நிமிர்ந்தாள். அப்போது அமத்தினேன். இன்னும் மூன்று. கமரா நின்றுவிட்டது. மேளமும் தணிந்தது.

பிறகு அன்று முழுவதும் நான் எடுத்தேன், நேசன் நின்றான். அவ்வளவு கம்பீரமாக அவன் ஒரு கலியாணத்திலும் நின்றதில்லை.

ஆல்பம் கொடுத்த அன்று தமக்கை கடைக்கு வந்தாள். தாலி கட்டுப் படத்தில் எல்லோரும் தாலியைப் பார்க்க, பெண்ணுக்குத் தோழியாகப் பின்னால் நின்ற அவள் மட்டும் சற்று மேலே, வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நேசனின் செத்த கமராவுக்குக் காட்டிய சிரிப்பு.

"பாருங்கோ அன்ரி, நான் கமராவைப் பாக்காமலே நிக்கிறன். எவ்வளவு இயல்பா வந்திருக்கு! புது மொடல் எண்டா புது மொடல்தான்" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். நேசன் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான்.

பேசின காசை ஒரு சதம் குறையாமல் தந்தாள். பத்மாவுக்கு உயிர் வந்தது. ஆனால் உங்கள் தொழிலின் நோய் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுமா? புதுக் கமராவைத் திருத்தக் கொண்டுபோனோம். கழுத்துப்பட்டி கட்டின பொடியன் அதைத் திறந்து பார்த்து, "மே மொகக்த மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டான், இதென்ன என்று. சந்தனம் என்றேன். உள்ளே தண்ணீரும் பட்டிருக்கிறது என்றான். அது தீர்த்தம் என்றேன். வொறன்டியில் இரண்டும் இல்லையாம். திருத்துவதற்கு அவன் கேட்ட காசும் கொடியை மீட்கிற காசும் ஏறக்குறைய ஒன்று.

பத்மாவின் தம்பியின் கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. நேசன் கமராவின் பக்கம் சாய்ந்தான்.

"இதைத் திருத்தினால்தானே அடுத்த கலியாணம் வரும்? கொடி எங்க ஓடப் போகுது?"

பத்மா சண்டை பிடிக்கவில்லை. மஞ்சள் கயிற்றைச் சேலைக்குள் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "சரி. கொடி அங்கயே கிடக்கட்டும். உங்கட கமராவையும் கொண்டுபோய் அதுக்குப் பக்கத்தில அடகு வையுங்கோ. கொடிக்குக் காசு தந்தவங்கள் அதுக்கும் தருவாங்கள்தானே. எவ்வளவு தாறாங்கள் எண்டு நானும் வந்து பாக்கிறன்."

ரோசத்தில் நேசன் கிளம்பிவிட்டான். மூன்று பேரும் போனோம். அடகுக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து கமராவை எடுத்தார். கையில் வைத்து நிறை பார்த்தார். உரைகல்லைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார்.

"இதில எதை உரைச்சுப் பாக்கிறது தம்பி?"

"இது புது மொடல் ஐயா. வந்து ரெண்டு மாதமும் இல்லை" என்றான் நேசன்.

"இருக்கும். அடுத்த மாதம் வேறொண்டு வருமெல்லே? அப்ப இதை வைச்சு நான் என்ன செய்யிறது?" கமராவைப் பெட்டியில் வைத்து மூடி, மெதுவாக எங்கள் பக்கம் தள்ளினார். "தங்கச்சியின்ர கொடிக்கெண்டால் இண்டைக்கும் முன்னம் தந்ததிலும் பாக்கக் கூடத் தருவன். பவுண் ஏறியிருக்கு. வேணுமோ?"

இரண்டும் ஒரே நாளில் கைமாறின பொருள்கள். ஒன்று இருட்டுப் பெட்டகத்தில் படுத்தபடியே ஏறியிருந்தது. மற்றது தோளில் ஊர்வலம் போய்விட்டு ஒன்றுமில்லாமல் வந்திருந்தது.

நேசன் பெட்டியை எடுத்துக் கமக்கட்டில் இடுக்கினான். சட்டைப்பையிலிருந்து லண்டன் காசை எடுத்து வைத்தான்.

"கொடியைத் தாங்கோ" என்றான்.

செத்த கமராவைப் புறக்கோட்டை முதலாளிதான் வாங்கினார், உதிரிப் பாகங்களுக்கு. "போன மாசம் வந்திருந்தீங்கண்டா நல்ல வெல தந்தீப்பேன்" என்றார். எல்லாரும் ஒரு மாதம் பிந்தித்தான் வருகிறார்களாம்.

இனி, தேநீர் குடித்துவிட்டுப் போன பிள்ளைக்கு என் மறுமொழி. பிலிமில் லாபமும் இல்லை, டிஜிட்டலில் லாபமும் இல்லை மகள். கையில் இருக்கிற கமரா செத்த பிறகு அடுத்ததை வாங்கு. ஆட்கள் உன்னை மொடல் கேட்டால், படத்தைக் காட்டு. படத்தைப் பார்க்காமல் மொடலைத்தான் கேட்பேன் என்கிறவரை விட்டுவிடு, அவர் கடைக்காரரையே கலியாணத்துக்குக் கூப்பிடட்டும். சொன்னாலும் கேட்க மாட்டாய், தெரியும். நேசனும் கேட்டவன் இல்லை.

பத்மாவின் தம்பியின் கலியாணத்துக்கு நாங்கள் விருந்தாளிகளாகத்தான் போனோம். தாயும் வந்திருந்தா. மகளைக் கண்டதும் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தா. பிறகுதான் கட்டிப்பிடித்தா. இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாம் என்று நேசன் அந்தப் பழைய கமராவைத் தூக்கினான். பத்மா சட்டென்று கொடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"பொறுங்கோ. இந்தக் கமரா என்ன விலை?"

"இதுவோ?" என்றான் நேசன். "இதை ஒருத்தரும் வாங்க மாட்டாங்கள்."

"அப்ப எடுங்கோ" என்று சொல்லிக் கையை எடுத்தாள்.